ஆறு மணிக்குத் திறக்கும் கதவு: நகர நடுவே ஒரு மாலை வகுப்பு

எங்கள் மாலை வகுப்பில் சொல்லிக்கொடுக்கப் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு புகாரோடு வந்து நிற்பார்கள். "இந்தப் பிள்ளைங்களுக்கு எதையும் பத்திரமா வெச்சுக்கத் தெரியலை. நேத்துக் கொடுத்த பென்சில் இன்னைக்கு இல்லை. நோட்டு பாதி கிழிஞ்சு கிடக்கு." புகாரில் பொய் இல்லை. பென்சில் காணாமல் போகத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைகளின் வீட்டுக்கு ஒரு தடவை போய் உட்கார்ந்துவிட்டு வந்தவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள். அங்கே ஒரு பென்சில் இரண்டு நாள் தாக்குப்பிடித்தால் அதுதான் ஆச்சரியம்.

பெரிய நகரம் ஒன்றின் நடுவில், உயரமான அலுவலகக் கட்டடங்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பழைய குடியிருப்பு அது. ஊர்ப் பெயர் வேண்டாம். எந்தப் பெரிய நகரத்திலும் இப்படி ஓர் இடம் இருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. சமையல், தூக்கம், சண்டை, விருந்தாளி, தொலைக்காட்சி எல்லாம் அதற்குள்தான். இரவில் எல்லாரும் படுத்துவிட்டால் நடுவில் கால் வைக்க இடமிருக்காது. ஒரு பிள்ளைக்கென்று தனியாக ஓர் அலமாரித் தட்டு வேண்டாம், சட்டை மாட்ட ஓர் ஆணிகூடக் கிடையாது. நோட்டை வைத்தால் தங்கை கிறுக்குவாள், பேனாவை வைத்தால் அண்ணன் எடுத்துக்கொண்டு போய்விடுவான், எதையும் வைக்காவிட்டாலும் மழை வந்தால் கூரை ஒழுகும்.

எங்களிடம் படித்த ஒரு பையன் பள்ளிப் பையை முதுகிலிருந்து இறக்கவே மாட்டான். விளையாட ஓடும்போதும் பை கூடவே குதிக்கும். ஒரு நாள் அதன் ஜிப் பிய்ந்துபோக, ஊசி நூல் எடுத்துத் தைத்துக்கொடுக்க உட்கார்ந்தேன். நோட்டுகளுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே அவனுடைய பிறப்புச் சான்றிதழ், தங்கையின் பிறப்புச் சான்றிதழ், இருவருக்கும் தடுப்பூசி போட்ட அட்டைகள். "வீட்ல வெச்சா காணாமப் போயிடும்னு அம்மா என்கிட்ட குடுத்துட்டாங்க அக்கா" என்றான். குடும்பத்தின் பீரோவே அந்தப் பைதான். அவனுக்கு அப்போது பத்து வயது இருக்கும். பொறுப்பில்லாத பிள்ளை என்று அவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அதனால் எங்கள் அறையில் ஒரு சுவர் முழுக்கத் தட்டுகள் அடித்தோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் எழுதிய ஒரு பெட்டி. பென்சில், அளவுகோல், வண்ணங்கள் அதிலேயே இருக்கும், வீட்டுக்குப் போகாது. பள்ளியில் கொடுக்கும் வீட்டுப்பாடத்தை இங்கேயே முடித்துவிட்டுப் போகலாம். கதைப் புத்தகங்களை மட்டும் வீட்டுக்குக் கொடுக்கிறோம். அவற்றில் ஒரு பங்கு திரும்பாது என்று முன்கூட்டியே கணக்கில் வைத்துவிடுகிறோம். தொலைத்தால் அபராதம் கிடையாது, விசாரணையும் கிடையாது. அபராதம் போட்டால் என்ன நடக்கும் என்பது பழகியவர்களுக்குத் தெரியும்: புத்தகமும் வராது, பிள்ளையும் வராது.

அடுத்த புகார் அவசரத்தைப் பற்றியது. "காத்திருக்கவே தெரியலை, கையில இருக்கிறதைப் பிடுங்கிக்கிறாங்க." எதையாவது எல்லாருக்கும் கொடுக்கும் நாளில் இதைக் கண்ணால் பார்க்கலாம். கடைசியில் நிற்பவனுக்கும் இருக்கிறது என்று தொண்டை கட்டக் கத்தினாலும் வரிசை உடையும்.

பிள்ளைகளின் பொறுமையைப் பற்றிப் பேச்சு வந்தால் படித்தவர்கள் உடனே மார்ஷ்மெல்லோ சோதனையை எடுத்துவிடுவார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷெல் நடத்தியது. ஒரு மிட்டாயை இப்போதே சாப்பிடலாம், கொஞ்ச நேரம் பொறுத்தால் இரண்டு கிடைக்கும். பொறுத்த குழந்தைகள் பின்னாளில் நன்றாகப் படித்தார்கள் என்பது அதிலிருந்து பரவிய செய்தி. ஆனால் 2018-இல் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து இதைத் திரும்பப் பார்த்தபோது, குடும்பப் பின்னணியையும் மற்ற விஷயங்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டதும் அந்தத் தொடர்பு பெரும்பாலும் கரைந்துவிட்டது. இதைச் சொல்ல மட்டும் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது 2013-இல் வெளியான இன்னொரு ஆய்வு. ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்ற உளவியலாளர் செய்தது. வீடில்லாத குடும்பங்கள் தங்கும் விடுதியில் வேலை பார்த்த அனுபவம் அவருக்கு உண்டு. மிட்டாயைக் காட்டும் முன்பு அவர் ஒரு காரியம் செய்தார். பழைய வண்ணக்குச்சிகளைக் குழந்தை முன் வைத்து, "கொஞ்சம் இரு, இதைவிட நல்லது கொண்டுவரேன்" என்று சோதனை நடத்துபவர் சொல்லிவிட்டு வெளியே போகும்படி செய்தார். ஒரு குழுவுக்குச் சொன்னபடி நல்ல பொருள் வந்தது. இன்னொரு குழுவுக்கு, "மன்னிச்சுக்கோ, இல்லையாம்" என்று வெறுங்கை. ஸ்டிக்கரிலும் இதே கதை. அப்புறம்தான் மிட்டாய். வாக்கு காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் மூன்றே நிமிடம். மொத்தம் 28 குழந்தைகள்தான், சின்ன ஆய்வு. ஆனாலும் எங்கள் வரிசை ஏன் உடைகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் கேட்டதில்லை.

எங்கள் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து கேட்கும் வாக்குகளைக் கொஞ்சம் எண்ணிப்பாருங்கள். கூலி வந்ததும் வாங்கித் தரேன். அடுத்த மாசம் இந்த வீட்டைவிட நல்ல வீட்டுக்குப் போயிடலாம். கழிப்பறை கட்டித் தருகிறோம். விளையாட இடம் ஒதுக்குகிறோம். சொன்ன அப்பா பொய்யர் இல்லை, கூலி வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் பிள்ளைக்குக் கிடைத்த பாடம் ஒன்றே: கண் முன்னால் இருப்பதை இப்போதே எடுத்துக்கொள். அந்தச் சூழலில் அது சரியான கணக்கும்கூட.

இதைப் புரிந்துகொண்டபின் எங்கள் வகுப்பின் முழு வேலையுமே வேறு மாதிரி ஆகிவிட்டது. பாடத்திட்டம், செயல்முறைக் கல்வி என்றெல்லாம் பேசிக்கொண்டிருந்தவர்கள் கதவைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். மாலை ஆறு மணிக்குக் கதவு திறக்கும். மழையா, திறக்கும். பள்ளி விடுமுறையா, திறக்கும். ஒரே ஒரு பிள்ளை வந்தாலும் எட்டு மணி வரை விளக்கு எரியும். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் வகுப்பு நின்றுவிடக் கூடாது என்று சாவி எப்போதும் இரண்டு பேரிடம் இருக்கும்.

வாக்குக் கொடுப்பதிலும் கஞ்சத்தனம் பழகினோம். "அடுத்த வாரம் எல்லாரையும் வெளியே கூட்டிட்டுப் போறேன்" என்று வண்டி ஏற்பாடு முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. சொல்லிக்கொடுக்க வருகிறவர் ஒரு கல்வியாண்டு முழுக்க, வாரத்தில் குறிப்பிட்ட ஒரு கிழமை வருவதாக ஒப்புக்கொள்ள வேண்டும். அது முடியாது என்றால் புத்தகத்துக்கு அட்டை போடலாம், அலமாரி துடைக்கலாம், நன்கொடை திரட்டலாம். பிள்ளைகளோடு பழக விடுவதில்லை. கடுமையாகத் தெரியும். முன்பு ஒரு கல்லூரி மாணவர் வந்தார். பாட்டு, ஆட்டம் என்று அறையே அதிரும். பிள்ளைகள் தோளில் தொங்குவார்கள். தேர்வு வந்தது, அவர் வரவு நின்றது. "அந்த அண்ணா எப்ப வருவாங்க?" என்று ஒரு சின்னப் பெண் மாதக்கணக்கில் அந்தக் கிழமையானால் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது விலகுகிறவர்கள் தேதியைச் சொல்லி, நேரில் வந்து, விடைபெற்றுத்தான் போக வேண்டும்.

வரிசை என்ன ஆனது என்றால், மெதுவாகச் சரியானது. யாரும் அறிவுரை சொல்லவில்லை. மாதத்தின் முதல் திங்களன்று நோட்டு வரும், எல்லாருக்கும் வரும், தீர்ந்துபோகாது என்பது திரும்பத் திரும்ப நடந்தது, அவ்வளவே. புதிதாகச் சேர்ந்த ஒருவன் முண்டியடித்தபோது, முன்னால் நின்ற பெரியவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "இருடா, உனக்கும் இருக்கு. இங்க இருக்கும்."

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை யாரும் ஒரு பிரச்சினையாகவே எடுத்துக்கொள்வதில்லை. நகர நடுவில் இருக்கும் குடியிருப்பு என்றால் ஒரு பக்கம் சாலை, ஒரு பக்கம் ரயில், இல்லாவிட்டால் பட்டறை. உள்ளே பத்து வீட்டுத் தொலைக்காட்சி. நியூயார்க்கின் மன்ஹாட்டனில் ஒரு பள்ளி உயரப் பாலத்து ரயில்பாதையை ஒட்டி இருந்தது. நாலரை நிமிடத்துக்கு ஒரு ரயில். ஆர்லைன் பிரான்சாஃப்ட் என்ற உளவியலாளர் அந்தப் பள்ளியில் ரயில் பக்கத்து வகுப்பறைகளையும் அமைதியான பக்கத்து வகுப்பறைகளையும் ஒப்பிட்டு 1975-இல் எழுதினார். ஆறாம் வகுப்புக்கு வரும்போது ரயில் பக்கத்துப் பிள்ளைகள் வாசிப்பில் கிட்டத்தட்ட ஒரு வருடம் பின்தங்கியிருந்தார்கள். ஒரே பள்ளி, ஒரே மாதிரிக் குடும்பங்கள். பிறகு தண்டவாளத்தில் ரப்பர் பட்டைகள் போட்டார்கள், வகுப்பறைக் கூரையில் ஒலி உறிஞ்சும் பலகை வைத்தார்கள். அவர் திரும்பப் போய்ப் பார்த்து 1981-இல் எழுதியபோது இரண்டு பக்கமும் சமமாகியிருந்தது. பிள்ளைகளை யாரும் திருத்தவில்லை, ரப்பர் போட்டார்கள்.

நாங்கள் தண்டவாளத்தைத் தொட முடியாது. ஆனால் வாசிப்பு நேரத்தைச் சாலை ஓரத்து அறையிலிருந்து பின் அறைக்கு மாற்ற முடிந்தது. சாலைப் பக்கத்துச் சுவரில் புத்தக அலமாரிகளை நெருக்கமாக நிறுத்தினோம். தரைக்குத் தடித்த விரிப்பு, ஜன்னலுக்குத் தடித்த திரை. அப்புறம் இன்னொன்றும் புரிந்தது. இந்தப் பிள்ளைகள் கத்திப் பேசுவது திமிர் இல்லை, வீட்டில் கத்தாவிட்டால் யாருக்கும் கேட்காது. கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பதும் அலட்சியம் இல்லை. நாள் முழுக்கச் சத்தத்தில் இருப்பவர்கள் காதை மூடிக்கொள்ளப் பழகிவிடுகிறார்கள்; அதில் ஆசிரியரின் குரலும் சேர்ந்து அடிபட்டுப் போகிறது. பக்கத்தில் போய், தோளைத் தொட்டு, பெயர் சொல்லிப் பேசினால் பாதி "ஒழுங்கீனம்" அங்கேயே தீர்ந்துவிடும்.

தூங்கி விழும் பிள்ளையைத் தூங்க விடுங்கள். இதற்கு மேல் இதில் சொல்ல எதுவுமில்லை. இரவு வேலை முடிந்து பெற்றோர் வரும்போது ஒரே அறையில் விளக்கு எரியும், எல்லாரும் விழிப்பார்கள். அரை மணி நேரம் மூலையில் தூங்கி எழுந்தவன் பாக்கி நேரத்தில் படிப்பான். தட்டி எழுப்பப்பட்டவன் படிக்க மாட்டான்.

கைக்குழந்தைகள் விஷயத்தில்தான் எங்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. பதினொரு பன்னிரண்டு வயதுப் பெண்கள் இடுப்பில் தம்பியையோ தங்கையையோ தூக்கிக்கொண்டு வருவார்கள். குழந்தை அழும், நோட்டைக் கிழிக்கும், மற்றவர்கள் கவனம் சிதறும். படிக்கிற வயதில் உள்ளவர்கள் மட்டும் வரலாம் என்று ஒரு விதி போடலாமா என்று பேச்சு வந்தது. விதி நியாயமானதுதான். ஆனால் அதைப் போட்ட மறுநாள் யார் நின்றுபோவார்கள் என்று எழுதிப்பார்த்தோம். எழுதிய பெயர்கள் அத்தனையும் பெண் பிள்ளைகள். மூத்த பெண்கள். அம்மா வேலையிலிருந்து வரும்வரை வீட்டின் அம்மா அவர்கள்தான்.

விதி போடவில்லை. மூலையில் விரிப்பு போட்டு, பெரிய மரக்கட்டைகளும் கெட்டி அட்டைப் புத்தகங்களும் வைத்து, அந்த நேரத்துக்குக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள மட்டும் ஒருவரை அமர்த்தினோம். குடியிருப்பிலேயே இருக்கும் ஒரு பாட்டி, மாதச் சம்பளத்துக்கு. எங்கள் செலவிலேயே உருப்படியான செலவு என்று இதைத்தான் சொல்வேன். ஒரு பெண் முதல் சில வாரங்கள் குழந்தையைப் பாட்டியிடம் விடவே மாட்டாள். இடது காலை நீட்டி, அதன் மேல் தம்பியைக் கிடத்தி ஆட்டிக்கொண்டே, வலது தொடையில் நோட்டை வைத்துப் பின்னக் கணக்குப் போடுவாள். பகுதிகளைச் சமப்படுத்தும் இடத்தில் கால் நின்றுவிடும், தம்பி சிணுங்குவான், கால் மறுபடி ஆடும், கணக்கு தப்பும். பாட்டியிடம் குழந்தையை ஒப்படைத்த அன்று அவள் முழுப் பக்கத்தையும் முடித்துவிட்டு, "வேற இருக்கா அக்கா?" என்று கேட்டாள்.

கணக்கு என்றதும் இன்னொன்று. இந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்று பள்ளியில் எழுதி அனுப்புவார்கள். அதே பிள்ளை மாலையில் அம்மாவின் தள்ளுவண்டியில் நின்றுகொண்டு, மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் மீதிச் சில்லறை கொடுப்பான், ஒரு காசு தப்பாது. பிரேசிலின் ரெசிஃபே நகரத்துச் சந்தையில் வியாபாரம் செய்யும் சிறுவர்களை வைத்துக் கராஹர் தம்பதி, ஷ்லீமன் என்ற ஆய்வாளர்கள் 1985-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. ஐந்து பிள்ளைகள். சந்தையில் கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரி. அதே கணக்கைத் தாளில் எண்களாக எழுதிக் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரி. பன்னிரண்டு வயதுப் பையனிடம், தேங்காய் ஒன்று 35, பத்து வேண்டும் என்றார்கள். மூன்று 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210, மறுபடி மூன்றுக்கு 315, இன்னொன்று சேர்த்து 350 என்று சொல்லிவிட்டான். பத்தால் பெருக்க ஒரு பூஜ்யம் போதும் என்ற பள்ளி வழி அவனுக்குத் தேவைப்படவே இல்லை.

இதைப் படித்துவிட்டு, "பார்த்தீர்களா, தெருவே பள்ளிக்கூடம்" என்று பூரிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தேர்வு தாளில்தான் வரும், அந்தத் தாளைத் தாண்டாமல் அவன் தள்ளுவண்டியை விட்டு நகர முடியாது. ஆகவே பாலம் போட வேண்டும். நாங்கள் செய்வது இது: முதலில் வாயால் கணக்குப் போடச் சொல்வோம். அவன் சொல்லச் சொல்ல, அவன் வழியிலேயே பலகையில் எழுதுவோம். 105, 210, 315, 350. "இது நீ சொன்னது. இதையே பள்ளியில் இப்படி எழுதுவார்கள்" என்று பக்கத்தில் பள்ளி முறையையும் எழுதுவோம். இரண்டும் ஒரே விடைக்கு வருவதைப் பார்க்கும்போது முகத்தில் ஒரு சந்தேகம் வரும், அப்புறம் சிரிப்பு. ஏற்கெனவே தனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் எழுதக் கற்றுக்கொள்கிறோம் என்று புரிந்த பிள்ளை வேகமாகப் போவான். தனக்கு எதுவுமே தெரியாது என்று நம்ப வைக்கப்பட்டவன் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

"மக்கு" என்று பெயர் வாங்கியவர்களில் சிலருக்குக் கண்தான் பிரச்சினை. பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுதுகிற பிள்ளையை முதலில் கண் மருத்துவரிடம் காட்டுங்கள், அப்புறம் திட்டலாம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரப் பள்ளிகளில் மாணவர்களுக்கு இலவசமாகக் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2021-இல் வந்தது. முதல் ஆண்டில் வாசிப்பு மதிப்பெண் ஏறியது, மிகவும் பின்தங்கியவர்களுக்கு இன்னும் அதிகமாக. இரண்டாம் ஆண்டில் அந்த ஏற்றம் நிலைக்கவில்லை. எனக்கு இதில் வியப்பில்லை. ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் கண்ணாடி உடையும். இரண்டாவது கண்ணாடி ஒன்று வாங்கி, அந்தப் பிள்ளையின் பெட்டியிலேயே வைத்துவிட வேண்டும்.

பெற்றோருக்கு அக்கறை இல்லை என்ற பேச்சு இருக்கிறதே, அதைக் கேட்டால் எனக்கு இன்னும் கோபம் வரும். பள்ளியில் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைப்பார்கள். நாள்கூலிக்குப் போகிறவர் அதற்கு வந்தால் அன்றைய கூலி போச்சு, சில இடங்களில் வேலையே போச்சு. வீட்டுக்கு அனுப்பும் சுற்றறிக்கையில் கையெழுத்து இருக்கும். படித்தார்கள் என்று அர்த்தமில்லை, படிக்கத் தெரியாது என்று காட்டிக்கொள்ளப் பிடிக்கவில்லை. தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேரை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்து 2013-இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. கையில் பணம் வருமுன் யோசிக்கும் திறனைச் சோதித்தபோது குறைவாக எடுத்தவர்களே, அறுவடைப் பணம் வந்தபின் நன்றாகச் செய்தார்கள். அதே ஆள், அதே மூளை. கடன்காரன் கதவைத் தட்டும் வாரத்தில் பிள்ளையின் வீட்டுப்பாடம் மறந்துபோவதற்கும் இதுதான் காரணம்.

அதனால் நாங்கள் தாள் அனுப்புவதை நிறுத்திவிட்டுக் குரல் செய்தி அனுப்புகிறோம். அரை நிமிடம், ஒரே விஷயம். கூட்டம் என்று தனியாக எதுவும் இல்லை. இரவு எட்டு மணிக்குப் பிள்ளையைக் கூட்டிப்போக வரும்போது வாசலில் நின்றே பேசிக்கொள்கிறோம். ஒரு அம்மாவை முதன்முதலாக அழைத்தபோது, நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள், "என்ன பண்ணிட்டான் மிஸ்?" என்று கேட்டார். அன்று அழைத்தது, அவன் ஒரு கதையைத் தானாக வாசித்து முடித்தான் என்று சொல்லத்தான். எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பள்ளியிலிருந்து வரும் அழைப்பு என்றால் புகார் என்று மட்டுமே அறிந்தவர்கள் அவர்கள். முதல் அழைப்பு நல்ல செய்தியாக இருந்துவிட்டால், பிற்பாடு கெட்ட செய்தி சொல்லும்போது நம் பக்கம் நிற்பார்கள்.

உதவி கொடுப்பதில் உள்ள அசிங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நல்ல மனதோடு வந்த ஒருவர், வகுப்பின் நடுவில் நின்று, "யார் யாருக்கு ஷூ இல்லை, கையைத் தூக்குங்க" என்றார். ஒரு கைகூட எழவில்லை. பெஞ்சுக்கு அடியில் வெறுங்கால்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் இழுத்துக்கொண்டன. அதற்குப் பிறகு நாங்கள் கண்டுபிடித்த வழி, அளவியல் பாடம். எல்லாரும் தாளில் பாதத்தை வைத்துச் சுற்றி வரைந்து, சென்டிமீட்டரில் அளந்து, அட்டவணை போட்டார்கள். பாடமும் நடந்தது, அளவும் கிடைத்தது. ஷூக்கள் பைகளில் போட்டு அம்மாக்களிடம் போய்ச்சேர்ந்தன. புகைப்படம் எடுப்பதை அடியோடு நிறுத்திவிட்டோம். இதனால் சில நன்கொடைகள் போயின. போகட்டும். நோட்டு வாங்கிய படம் அந்தப் பிள்ளை வளர்ந்து வேலை தேடும் வயதிலும் எங்கேயாவது சுற்றிக்கொண்டிருக்கும்.

பதின்மூன்று பதினான்கு வயதுப் பையன்களிடம் எங்கள் வித்தை அவ்வளவாகப் பலிப்பதில்லை. தெருமுனையில் நிற்கும் பெரிய பையன்களிடம் காசு இருக்கிறது, வண்டி இருக்கிறது, மரியாதை இருக்கிறது. எதிர்காலம் என்று நாம் பேசுவது அவற்றோடு போட்டிபோட முடியாது. ஓரளவு வேலை செய்தது, அவர்களுக்குப் பொறுப்புக் கொடுத்ததுதான். சின்னப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித்தர வேண்டும், இரண்டாவது சாவி அவர்களில் ஒருவனிடம் இருக்கும், மாதம் ஒரு சிறு தொகையும் உண்டு. சும்மா சேவையாகச் செய்யச் சொன்னால் வர மாட்டார்கள், வரவும் கூடாது. அந்தக் காசு வீட்டுக்குத் தேவை. இப்படியும் சிலர் நின்றார்கள், சிலர் போய்விட்டார்கள்.

கடைசியாக, இடம்பெயர்வு. நகர நடுவில் நிலத்துக்கு மதிப்பு ஏற ஏற, அங்கிருக்கும் ஏழைகளை வெளியே தள்ளும் வேலை நடந்துகொண்டே இருக்கும். வாடகை ஏறும், இல்லை கட்டடம் இடிபடும். அமெரிக்காவில் 1994 முதல் ஐந்து நகரங்களில், ஏழைக் குடியிருப்புகளில் இருந்த குடும்பங்களுக்கு வறுமை குறைந்த பகுதியில் குடியேற வாடகை உதவி கொடுத்துப் பார்த்தார்கள். பதின்மூன்று வயதுக்கு முன்பே அப்படிப் போன பிள்ளைகள் இருபதுகளின் நடுவில், உதவி கிடைக்காத குடும்பத்துப் பிள்ளைகளைவிட 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள் என்று பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் அவருடைய குழுவினரும் கணக்கிட்டார்கள். அதைவிடப் பெரிய வயதில் போனவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. இதைச் சொல்லி வெளியேற்றத்தை நியாயப்படுத்துகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் குடும்பங்கள் போனது தாங்களே விண்ணப்பித்து, நல்ல இடத்துக்கு. எங்கள் பிள்ளைகள் போவது நகரத்தின் விளிம்புக்கு, பள்ளி எங்கே என்றே தெரியாத இடத்துக்கு, பெரும்பாலும் தேர்வுக்குச் சில வாரங்கள் முன்னால்.

அவர்கள் சொல்லாமல்தான் போவார்கள். கடன் இருக்கும், வெட்கம் இருக்கும். ஆகவே ஒவ்வொரு பிள்ளையும் சேரும்போதே அத்தை, மாமா என்று வேறு இடத்தில் இருக்கும் உறவினர் ஒருவரின் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொள்கிறோம். சான்றிதழ்களின் நகல் எங்களிடமும் ஒன்று இருக்கும். போகப்போகிறார்கள் என்று காற்றில் செய்தி வந்ததும், புதுப் பள்ளி ஆசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதிவிடுவோம்: எந்தப் பாடம் வரை முடித்திருக்கிறாள், எதில் கெட்டி, எங்கே தடுமாறுவாள், கண்ணாடி போடுவாளா, தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இருக்கிறதா. வீட்டுக் கதை, அப்பாவின் குடி இதெல்லாம் அதில் வரக் கூடாது. அம்மாவிடம் ஒரு பிரதி, பிள்ளையின் பையில் ஒரு பிரதி. அடியில் தொடர்புக்கு ஓர் எண் இருக்கும். அது எங்களில் யாருடைய சொந்த எண்ணும் இல்லை. ஆட்கள் மாறுவார்கள், எண் மாறக் கூடாது என்பதற்காக வகுப்பின் பெயரிலேயே ஒரு கைபேசி வாங்கி வைத்திருக்கிறோம். ஆறு முதல் எட்டு மணி வரை யார் வகுப்பில் இருக்கிறார்களோ அவர்கள் எடுப்பார்கள். இடம் மாறிய முதல் மாதத்தில் அழைப்புகள் நிறைய வரும். பெரும்பாலும், "இங்க எந்த ஸ்கூல்ல சேர்த்துப்பாங்க அக்கா, என்ன பேப்பர் கேட்பாங்க?" என்றுதான்.